ஒரு லிஸ்ட்டில முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வாறதுக்கு இவ்வளவு கூத்தா?

கொதி தலைக்கு ஏறி நிக்குது. வெளியில கச்சான் காத்து அனலா அடிக்குது, உள்ளுக்கு நான் அதைவிட மோசமா எரிஞ்சுகொண்டு இருக்கிறன். எல்லாம் ரெண்டே ரெண்டு பட்டனால.

பஸ் நிறுத்தங்களை வரிசையாக் காட்டுற சின்ன ஆப் ஒண்டு. திருகோணமலையில இருந்து புல்மோட்டைக்குப் போற பாதை. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி எண்டு போகும். திரையில ஒரு நிறுத்தத்தின்ர பேர், அதுக்குக் கீழ 'அடுத்தது', 'முந்தினது'. முடிஞ்சுது கதை. ஓஎல் படிக்கிற பிள்ளை பின்னேரத்துக்குள்ள எழுதிப்போடும்.

நானும் ஜாவா எண்ட நிரல் மொழியில அப்பிடித்தான் எழுதினன். ஒரு இன்டெக்ஸ், அதாவது லிஸ்ட்டில எத்தினையாவதில நிக்கிறம் எண்ட எண். முன்னுக்குப் போக ஒண்டைக் கூட்டு, பின்னுக்கு வர ஒண்டைக் கழி. பச்சைத்தண்ணி மாதிரி வேலை செய்தது. கோட் ரிவியூவில, எழுதின கோட்டை மற்றவை பாத்துச் சரிபிழை சொல்லுற இடத்தில, ஒரு மூத்தவர் அதைத் தூக்கிக் கடாசினார். "இது ஒப்ஜெக்ட் ஓரியண்டட் இல்லைத் தம்பி. லிஸ்ட்டுக்குள்ள என்ன நடக்குதெண்டு வெளியில இருக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. லிஸ்ட்இட்டரேட்டர் பாவியுங்கோ." லிஸ்ட்டில முன்னுக்கும் பின்னுக்கும் போய் ஒவ்வொண்டா எடுத்துத் தாறதுக்கு ஜாவாவிலயே இருக்கிற சாமான் அது. சரி அண்ணை எண்டு மாத்திக் குடுத்தன்.

பிறகு கொண்டக்டர் அண்ணை போன் எடுத்தார். "தம்பி, உந்த முந்தினது பட்டன் இறுகிப்போச்சுப் போல. ரெண்டு தரம் அமத்தினாத்தான் அசையுது."

பட்டன் இறுகேல்லை அண்ணை. ஜாவாவின்ர லிஸ்ட்இட்டரேட்டர் எந்தப் பேரிலயும் நிக்கிறேல்லை. ரெண்டு பேருக்கு நடுவில கிடக்கிற இடைவெளியில நிக்குது. நெக்ஸ்ட் எண்டு கேட்டா நிலாவெளியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிண்டுகொண்டு 'நிலாவெளி' எண்டு தரும். உடன ப்ரீவியஸ் எண்டு கேட்டா அதே நிலாவெளியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து திரும்பவும் 'நிலாவெளி' எண்டுதான் தரும். நெக்ஸ்ட், ப்ரீவியஸ், நெக்ஸ்ட், ப்ரீவியஸ் எண்டு மாறி மாறிக் கேளுங்கோ, விடிய விடிய நிலாவெளிதான். பஸ்ஸில இருக்கிற மனுசனுக்குச் சாம்பல்தீவு வேணும், ஐயா!

மூத்தவரிட்டச் சொன்னா, "அது டொக்கியூமெண்டேஷன்ல தெளிவா இருக்கே" எண்டு சிரிக்கிறார். இருக்குத்தான். எழுதி வைச்சிட்டா எல்லாம் சரியாகிடுமோ?

முதல் நிறுத்தத்தில இதைவிடக் கூத்து. உப்புவெளியைக் காட்டிக்கொண்டு நிக்கிற நேரம் ஹேஸ்ப்ரீவியஸ், அதாவது பின்னுக்கு ஏதும் இருக்கோ எண்டு கேட்டா 'ஓம்' எண்டுது. பின்னுக்கு ஒரு மண்ணும் இல்லை. உப்புவெளியே உப்புவெளிக்கு முந்தினதாம்! அந்த ஓமை நம்பி 'முந்தினது' பட்டன் பளிச்செண்டு எரியுது. அமத்தினா ஒண்டும் நடக்காது. இதைச் சரிசெய்ய, கடைசியா எந்தப் பக்கம் போனதெண்டு ஒரு பூலியனில, ஓம்-இல்லை மட்டும் வைக்கிற பெட்டியில, எழுதி வைக்கவேணும். திசை மாறினா ஒருக்காச் சும்மா கூப்பிட்டு வாறதைக் குப்பையில போடவேணும். ரெண்டு முனைக்கும் தனித்தனி இஃப் நிபந்தனை. ரெண்டு வரியில இருந்த விசயம் ஒரு பக்கத்துக்கு நீண்டுபோச்சு. இதுதான் அழகான டிசைனாம்.

எனக்கு உண்மையா விசர் வந்தது அதுக்குப் பிறகு, நான் பாவிக்கிற லிஸ்ட்டான அரேலிஸ்ட்டின்ர சோர்ஸ் கோட்டைத் திறந்து பாத்த நேரம். அந்த இட்டரேட்டருக்குள்ள என்ன கிடக்குது தெரியுமோ? கர்சர் எண்டு ஒரு இன்டெக்ஸ். வெறும் முழு எண், நான் எழுதின அதே சாதி. அதுக்குப் பக்கத்தில லாஸ்ட்ரெட் எண்டு இன்னொரு எண், கடைசியாத் தந்தது எது எண்டு ஞாபகம் வைச்சிருக்க. அப்ப அதுக்குத் தெரியும்! ரிமூவ் (அழி), செட் (மாத்து) எண்டு கேட்டா அந்த எண்ணைப் பாத்துத்தான் சரியான ஆளில கை வைக்குது. ஆனா 'இப்ப எதில நிக்கிறாய்' எண்டு நான் கேக்க ஒரு வழியும் இல்லை. நெக்ஸ்ட்இன்டெக்ஸ் தருவினம், ப்ரீவியஸ்இன்டெக்ஸ் தருவினம், நடுவில நிக்கிறவனைக் கேட்டா வாய் திறக்கமாட்டினம்.

இது தெரியாத காலமும் இல்லை. நாலு பேர் சேர்ந்து எழுதி 1994 இல வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தில, மூத்தவர் வாய்க்கு வாய் சொல்லுற அதே புத்தகத்தில, இட்டரேட்டருக்குக் கரண்ட்ஐட்டம் எண்டு ஒரு ஒப்பரேஷன் இருக்கு. 1998 இல ஜாவா 1.2 ஓட லிஸ்ட்இட்டரேட்டர் வரேக்க அது காணாமப் போச்சு. சி பிளஸ் பிளஸ் மொழியில எண்டா இட்டரேட்டர் சாமானிலயே நிக்கும். ++ போட்டா முன்னுக்கு, -- போட்டா பின்னுக்கு. 2023 இல ஜாவா 21 வந்து ரிவேர்ஸ்ட் எண்டு ஒண்டு தந்தது. முழு லிஸ்ட்டையும் தலைகீழாப் பாக்க நல்லம். நடுவழியில திரும்பி வாறவனுக்கு அது எதுக்கு?

"லிங்க்ட்லிஸ்ட் எண்டா இன்டெக்ஸ் ஒவ்வொரு தரமும் முனையில இருந்து எண்ணிக்கொண்டு வரும், மெதுவாப் போயிடும்" எண்டு மூத்தவரின்ர அடுத்த குண்டு. ஒண்டைப் பிடிச்சு அடுத்ததுக்குப் போற சங்கிலி மாதிரி லிஸ்ட் அது, உண்மைதான். ஆனா என்னட்ட இருக்கிறது அரேலிஸ்ட். அதுவும் புல்மோட்டை பஸ் நிக்கிற இடங்கள், லட்சக்கணக்கில இல்லை.

இன்னும் இருக்கு. ஆள் பட்டனை அமத்திக்கொண்டு இருக்கேக்க பஸ் முதலாளி இடையில புது நிறுத்தம் ஒண்டைச் சேர்த்திட்டார். அடுத்த நெக்ஸ்ட்டில கன்கரண்ட்மொடிஃபிகேஷன்எக்செப்ஷன், அதாவது இடையில லிஸ்ட் மாறிப்போச்செண்டு வாற பிழை, ஆப் செத்துப்போச்சு. பட்டன் அமத்துற வேகத்தில ஓடுற வேலைக்கு ஒரு இட்டரேட்டரைத் தூக்கி மடியில வைச்சிருக்கச் சொன்னா வேற என்ன நடக்கும்? ஒரே மூச்சில ஓடி முடிக்கத்தான் அது. மனுசர் நிண்டு யோசிச்சுத் திரும்பி வாறதுக்கில்லை.

கடைசியில அந்தப் பக்கம் முழுக்க அழிச்சுப்போட்டு, ஒரு சின்ன கிளாஸ் எழுதினன். உள்ளுக்கு லிஸ்ட், ஒரு இன்டெக்ஸ், ரெண்டும் பிரைவேட். வெளியில மூண்டு மெதட்: இப்ப, அடுத்தது, முந்தினது. உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதைவிட ஒப்ஜெக்ட் ஓரியண்டட் வேற என்ன வேணும்? கொண்டக்டர் அண்ணையின்ர பட்டனும் ஒரு தரத்தில அசையுது.

இண்டைக்குக் காலமை ரிவியூவில ஒரு வரி வந்து கிடக்கு: "இட்டரேட்டர் எங்க?" பதிலை நாளைக்கு எழுதுறன். இப்ப எழுதினா வேலை போயிடும்.