தோண்டி எடுத்ததை முதலில் பார்ப்போம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிளாண்டிங் நகர அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள சிறு போர்வை ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடியினரான பண்டைய புவெப்லோ மக்கள், யக்கா என்னும் வறள்நிலச் செடியின் நாரைக் கயிறாகத் திரித்து, அக்கயிற்றின் மேல் வான்கோழி இறகுகளைச் சுற்றி இதைச் செய்திருக்கிறார்கள். இறகின் மென்மயிரைப் பூச்சிகள் தின்றுவிட, கயிற்றைச் சுற்றிய தண்டுகளே எஞ்சியுள்ளன. அந்தத் தண்டுகளைக் கொண்டே, சுமார் 180 மீட்டர் கயிறும் 11,500 இறகுகளும் இதற்குத் தேவைப்பட்டிருக்கும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நான்கு முதல் பத்துப் பறவைகளின் இறகுகள் போதுமாம். அவற்றைக் கொல்லாமல், இறகு உதிரும் பருவத்தில் எடுத்திருக்கலாம் என்பதும் அவ்வாய்வாளர்களின் கருத்து.

பூச்சி அரித்த ஒரு போர்வை இவ்வளவு சொல்லும் என்றால், புதிய குழி தோண்டுவதற்கு முன் வைப்பறைகளில் கிடப்பவற்றைப் பார்த்து முடிப்பதே நேர்மையான ஆய்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1890களில் பண்ணைக்காரர்களான வெதரில் சகோதரர்களும் பிறரும் தென்கிழக்கு யூட்டாவின் வறண்ட பாறைக்குடைவுகளைத் தோண்டிக் கூடைகளையும் செருப்புகளையும் துணிகளையும் வாரி எடுத்தார்கள். அவை நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா என்று சிதறிப்போயின. பானை கண்ணைக் கவர்வதால் காட்சிக்கு வந்தது. நாரும் நூலும் பெரும்பாலும் இழுப்பறையிலேயே தங்கின. நெசவுத்துறை ஆய்வாளர் லாரி வெப்ஸ்டர் தம் குழுவினருடன் இவற்றைத் தேடிச்சென்று ஆயிரக்கணக்கில் ஆவணப்படுத்திவருவதை, எந்தப் புதிய அகழாய்வுக்கும் குறையாத பணியாகவே கருதுகிறேன்.

பானைகளின் கதையும் இதையே காட்டுகிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாக்கோ பள்ளத்தாக்கில் உள்ள புவெப்லோ பொனிட்டோ என்னும் பண்டைய பெருங்கட்டடத்தின் 28ஆம் அறையில், 1896இல் அகழாய்வாளர் ஜார்ஜ் பெப்பர் நூற்றுக்கும் மேற்பட்ட உருளை வடிவ ஜாடிகளை எடுத்தார். அவை எதற்கு என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் நின்றது. 1920களில் வெட்டிய அகழிகளையே மீண்டும் திறந்து எடுத்த ஜாடி ஓடுகளில், சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோவின் தடயம் இருப்பதை 2009இல் மானிடவியலாளர் பாட்ரிசியா கிரௌன் அறிவித்தார். கொக்கோ விளைவதோ, அங்கிருந்து ஈராயிரம் கிலோமீட்டர் அளவு தெற்கே.

ஆனால் பார்ப்பவர் யார் என்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான். இப்பொருள்களில் பல கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்டவை; அவற்றைப் படைத்தவர்களின் வழித்தோன்றல்கள் ஹோப்பி, சூனி, அகோமா முதலிய புவெப்லோ ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். 1891இல் கொலராடோவின் பண்டைய புவெப்லோ குடியிருப்புப் பகுதியான மேசா வெர்டேயிலிருந்து கொண்டுபோன மூதாதையர் எச்சங்களையும் கல்லறைப் பொருள்களையும் பின்லாந்து 2020இல்தான் திருப்பித் தந்தது. திருப்பிக் கேட்பவர்களால் ஆய்வு தடைப்படும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. திகிரி (குயவர் சக்கரம்) இல்லாமல் மண் திரிகளை அடுக்கிப் பானை வனையும் கை இன்னும் அவர்களிடம் இருக்கிறது. பழைய பானையின் உட்புறத்தில் பதிந்த விரல் தடத்தைக் கண்டதும், திரியை எப்படி அழுத்தியிருப்பார்கள் என்று அந்தக் கைக்குத் தெரியும். அவர்களை மேசைக்கு அழைக்காமல் எழுதப்படும் விவரப்பட்டியல், எத்தனை பக்கம் நீண்டாலும், பாதி வேலைதான்.