உறவு கொண்டாடத் தெரிகிறது, பேசத்தான் தெரியவில்லை

முகநூலில் மாதம் ஒருமுறையாவது இந்தச் சண்டை வந்துவிடுகிறது. கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததா, தெலுங்குக்குத் தாய் யார், இந்தச் சொல் வடமொழியா நம்முடையதா? ஆள் மாற்றி ஆள் வந்து வரிந்து கட்டுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்து மொழியில் ஒரு டீ கேட்டு வாங்கத் தெரியாது. மொழிகளுக்குள் இருக்கும் உறவை மார்தட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது என்பதை மறந்தோம்.

வேலூர்க்காரன் இதைச் சொல்லாமல் யார் சொல்வது? 1911 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். காட்பாடியைத் தாண்டிக் கிறிஸ்டியான்பேட்டைக்கு அப்பால் போனால் தெலுங்கு. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது. வங்காளத்திலிருந்து நோயாளிகள் வந்து குவியும் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளே வங்காள எழுத்தில் தொங்குகின்றன. காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'எனக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது' என்று சொல்ல நமக்குக் கூச்சமே இல்லை.

பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். 'கன்னட கொத்தில்லா' (கன்னடம் தெரியாது) என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். பால் அங்கே ஹாலு. புலி ஹுலி, பல் ஹல்லு, புளி ஹுளி, பாம்பு ஹாவு, பன்றி ஹந்தி, தலையில் ஊரும் பேன்கூட ஹேனு. இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்களைத் தூக்கிப் பரணில் போடுங்கள். இதில் இருப்பது ஒரே விதி. பழைய கன்னடத்திலும் அது பகரமாகத்தான் இருந்தது. சொல்லின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாகத் தேய்ந்துவிட்டது. பாட, புஸ்தக, பண்டித போன்றவை மாறாமல் நிற்கின்றன, அவை வடமொழியிலிருந்து வந்தவை. நம் வகரமோ அங்கே 'பஸ்' என்னும் சொல்லில் வரும் பகரமாகிவிடும்: வா, வேர், விரல், வெள்ளி எல்லாம் பா, பேரு, பெரளு, பெள்ளி. இந்த இரண்டு விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவன் காதில் கன்னடம் வெறும் இரைச்சலாக விழாது.

தெலுங்கு இன்னும் சுவையானது. அங்கே முதல் உயிரெழுத்து இடம் மாறும்: அவர் வாரு, இவர் வீரு, உரல் ரோலு. நாம் பேச்சில் கைவிட்ட சொற்களை அவர்கள் இன்றும் புழங்குகிறார்கள். மழைக்கு 'வான' என்பார்கள். மழையைப் பாடும் அதிகாரத்துக்கு 'வான் சிறப்பு' என்று பெயர் இருப்பதைப் பள்ளியில் படித்தோமே, அதே வான்தான். ரத்தத்துக்கு 'நெத்துரு' என்கிறார்கள். சங்கப் பாட்டில் அது நெய்த்தோர். தமிழாசிரியர் அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்ட சொல்லைச் சித்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

வங்காளத்துக்கு இந்த உறவு கிடையாது, அது வேறு குடும்பம். ஆனால் வடமொழிச் சொற்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அவர்கள் வாயில் அகரம் ஒகரமாக உருளும், வகரம் பகரமாகும். ஜலம் ஜொல், சரீரம் ஷொரீர், ரத்தம் ரொக்தோ, விஷம் பிஷ். நம் பரீட்சை அங்கே 'பொரிக்கா'. ரத்தப் பரிசோதனைக்கு அவர்கள் 'ரொக்தோ பொரிக்கா' என்பதை முதன்முதலில் கேட்டபோது, ரத்தத்துக்குமா தேர்வு வைக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டி காலத்து ஜுரமும் ஜலமும் இப்படி வந்து உதவுகின்றன. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுதும்போது நானும் காய்ச்சல் என்றுதான் எழுதுகிறேன். தெரிந்த சொல்லைத் தெரியாததுபோல் நடிக்கத்தான் மாட்டேன்.

சரி, பொல்லாத சொற்கள் இல்லையா? நிறைய உண்டு. என் சித்தப்பா மகன் மருந்துக் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது கொல்கத்தாப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து 'முகே கா' என்றார். கடைப் பையன் மூக்கு என்று எடுத்துக்கொண்டு, மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை எடுத்து வைத்தான். என் தம்பிக்கு முகம் என்று பட்டது. முகத்தில் பூசும் களிம்பைத் தேடினான். அந்த அம்மா இரண்டையும் தள்ளிவிட்டு வாயைத் திறந்து உள்ளே காட்டினார். வாய்ப்புண். வங்காளத்தில் முகமும் வாயும் ஒரே சொல். அதன் பிறகு அந்தக் கடையில் யாரும் அந்தச் சொல்லை மறந்ததாகத் தெரியவில்லை. பாடப்புத்தகம் பயமுறுத்தும் இந்தப் போலி ஒற்றுமைகள்தாம் மனத்தில் முதலில் தங்குகின்றன என்பது என் கட்சி. தெலுங்கில் 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை என்று பொருள். ஆளுக்கு அவசரமில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பொறுமையாகப் பத்துப் புடவையை விரித்துக் காட்டும் கடைக்காரர் பாடு பரிதாபம்தான், ஆனால் மறுமுறை அவர் ஏமாற மாட்டார்.

உருதைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஆர்க்காட்டு நவாபு ஆட்சியின் அலுவல் மொழி பாரசீகம். தாசில்தார், ஜாமீன், ஜப்தி, அசல், நகல், வசூல், பாக்கி என்று தாலுகா அலுவலகத்தில் நாம் பேசுவதில் பாதி அங்கிருந்து வந்ததுதான், உருதிலும் அதே சொற்கள்தாம். 'சவால்' மட்டும் உருதுக்காரர்களுக்குக் கேள்வி, நமக்கு அறைகூவல்.

சொல்லைப் பொருத்தினால் மொழி வந்துவிடுமா என்று கேட்பார்கள். வராது. வினைமுற்றுகளைத் தனியாக உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆனால் வாக்கிய வரிசை நம் பக்கம் இருக்கிறது. 'ஆமி பாத் காய்' என்பது 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்ற அதே வரிசை; வினை கடைசியில். தெலுங்கும் கன்னடமும் உருதும் அப்படியே. ஆங்கிலத்துக்கு வினையைத் தூக்கி நடுவில் வைக்கப் பழகி மூச்சு வாங்கிய நமக்கு இது எவ்வளவு பெரிய சலுகை!

தென்மொழிகள் ஒரே குடும்பம் என்று கால்டுவெல் 1856-இல் விரிவாக எழுதினார். அதற்கு முன்பே 1816-இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் அதைச் சொல்லிவிட்டார், அதுவும் காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில். இங்கே வேலைக்கு வந்த ஆங்கிலேயர் தெலுங்கு படிப்பதற்காக அச்சான புத்தகம் அது. இந்த உறவு அச்சேறியதே ஒரு பாடப்புத்தகத்தில்தான். மேடைப்பேச்சுக்கும் முகநூல் சண்டைக்கும் அதை இழுத்து வந்தது நாம்.

இப்போது என் தம்பிக்குப் புதுத் தலைவலி அசாமியர். வங்காளி ஷொரீர் என்பதை அவர்கள் தொண்டையிலிருந்து, ககரமும் ஹகரமும் கலந்தாற்போல 'ஹொரீர்' என்கிறார்கள். வங்காளத்து விதியை வைத்துப் பார்த்தால் பிடிபடாது. சகரம் வரவேண்டிய இடங்களில் எல்லாம் அந்த ஒலிதான் வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். மருந்துச்சீட்டுகளின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறான். கவுகாத்திக்காரர் யாராவது இதைப் படித்தால், அவனுக்கு நாலு சொல் அனுப்பிவையுங்கள்.