டெட் வில்லியம்ஸ் போரில் பறந்தாரா?

அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் பேஸ்பால் மட்டும்தான் ஆடினார், போர்முனைப் பக்கமே போகவில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், அதைப் பலர் பகிரவும் செய்கிறார்கள். சரி, பாதி உண்மை இருக்கிறது: இரண்டாம் உலகப்போரின்போது அவர் விமானம் ஓட்டப் பயிற்சி பெற்று, பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், சண்டைக்குப் போகவில்லை. ஆனால் கொரியப் போர் வேறு கதை. அமெரிக்க மரீன் படையில் பாந்தர் என்ற ஜெட் போர் விமானத்தை ஓட்டி 39 முறை தாக்குதலுக்குப் பறந்தார். 1953 பிப்ரவரி 16 அன்று விமானம் குண்டடிபட்டு, ரேடியோ செத்து, சக்கரம் இறங்காமல், எரிகிற விமானத்தை வயிறு தரையில் தேயத் தேய இறக்கிவிட்டு வெளியே ஓடினார். அப்போது அவருக்கு வயது 34!

நீங்களே பார்க்கலாம். ஏதாவதொரு புள்ளிவிவரத் தளத்தில் அவருடைய ஆண்டுவாரிப் பட்டியலைத் திறங்கள். 1943 முதல் 1945 வரை எதுவுமே இருக்காது, 1952இல் 6 ஆட்டங்கள், 1953இல் 37. அது ஆடவில்லை என்பதை மட்டும்தான் காட்டும், அப்புறம் அந்த பிப்ரவரி மாத அமெரிக்கச் செய்தித்தாள்களின் பழைய இதழ்களைத் தேடினால் விமானம் எரிந்த செய்தியும் கிடைக்கும். அதே படைப்பிரிவில் அவருடன் பறந்த ஜான் கிளென், ஆமாம், பின்னாளில் விண்வெளிக்குப் போனவரேதான், இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பதிவைத் திருத்திவிடுங்கள் நண்பரே.