1871-ஐச் சரிபண்ணாதீங்க

பழைய அமெரிக்க பேஸ்பால் சீசன்களைப் பகடையிலும் கணினியிலும் மறுபடி ஆடிப் பார்க்கிற எங்கள் சின்னக் கூட்டத்தில் போன வாரம் ஒரு தம்பி சொன்னார்: "அண்ணே, 1871 எல்லாம் ஒரு லீக்கா? ஒழுங்கா அட்டவணையே கிடையாது. எல்லா டீமுக்கும் சமமா மேட்ச் போட்டு, பாதியில ஓடிப்போன டீமைத் திரும்பக் கூப்பிட்டு, கொஞ்சம் சரிபண்ணிட்டு ஆடினாத்தான் நல்லாருக்கும்." பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையாகும் என்று இங்கே வந்துவிட்டேன். இங்கேயும் சண்டை வரலாம், ஆனால் இது என் சுவர்.

இந்தப் பைத்தியம் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பள்ளிக்கூடத்தில் புக் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். பக்கத்தைப் புரட்டினால் கடைசி எண் 4 என்றால் ஃபோர், 0 என்றால் அவுட். அதில் சச்சினும் வெங்கடபதி ராஜுவும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். சிமுலேஷன் ஆட்டத்தில் அப்படிக் கிடையாது. ஒருவர் அந்த வருடம் நிஜத்தில் எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை அவுட்டானார் என்று கணக்குப் பார்த்து அவருக்கென்று ஓர் அட்டை இருக்கும். பகடையை உருட்டி அந்த அட்டையில் பார்க்க வேண்டும். 1961-ல் வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அந்த வகை. இப்போது அவுட் ஆஃப் தி பார்க் மாதிரியான கணினி ஆட்டங்கள் 1871 முதல் எந்த வருடத்திலும் நம்மை இறக்கிவிடும். பழைய ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத் தொகுப்பான லாமன் டேட்டாபேஸை இறக்கிக்கொண்டால் எண்களும் இலவசம்.

எண்கள் இலவசமாகக் கிடைப்பதால்தான் வேறு எதையும் படிக்காமல் ஆடுகிறோம் என்பது என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி நானே. மூன்று வருடங்களுக்கு முன் நானும் 1871-க்கு சமமான அட்டவணை போட்டேன். எக்செலில் அழகாக உட்கார்ந்தது. ஆடி முடித்தபோது அது எந்த வருடமும் இல்லை. 1871-ன் பெயர்களை ஒட்டிய 1990 மாதிரி இருந்தது.

நிஜமான 1871 இப்படி. மார்ச் 17 அன்று நியூயார்க்கில் ஒரு மதுக்கடையில் கூடி, தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்களின் தேசியச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சேர 10 டாலர் கட்டினால் போதும். ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஐந்து ஆட்டத் தொடர் ஆட வேண்டும். தேதியை அணிகளே கடிதம் எழுதிப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மே 4-ல் ஃபோர்ட் வெய்ன் கெகியோங்காஸ் அணி கிளீவ்லாந்தை 2-0 என்று வென்றதுதான் முதல் ஆட்டம். அதே கெகியோங்காஸ் ஆகஸ்ட் முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டது. 19 ஆட்டங்கள், 7 வெற்றி, அவ்வளவுதான். 19 ஆட்டத்துக்கும் பாபி மேத்யூஸ் என்கிற ஒரே பையன்தான் பிட்சர், அதாவது பந்து போடுபவர். அவர்கள் இடத்துக்கு வந்த எக்ஃபோர்டு அணியின் ஆட்டங்கள் கணக்கில் சேரவில்லை. ராக்ஃபோர்டு அணி களத்தில் ஜெயித்த சில ஆட்டங்களைக்கூட, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) சேரக் கூடாத நேரத்தில் சேர்ந்தவர் என்று சொல்லி, பிற்பாடு தோல்வியாக எழுதிவிட்டார்கள். கடைசியில் 21 வெற்றி, 7 தோல்வி என்று பிலடெல்பியா அத்லெடிக்ஸ் சாம்பியன்.

தம்பி, இதில் எதைச் சரிபண்ணுவது? கெகியோங்காஸை சீசன் முடியும் வரை ஓடவிட்டால் அது கெகியோங்காஸா?

ஆட்டத்தின் உள்ளே வாருங்கள், இன்னும் கூத்து. பிட்சர் 45 அடி தூரத்திலிருந்து கையைத் தாழ்த்திப் போட வேண்டும். இடுப்புக்கு மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று பேட்டர் கேட்டு வாங்கலாம்! ஹோட்டலில் தோசை முறுகலாகவா சாதாவா என்று கேட்கிற மாதிரி. கையுறை கிடையாது. அதனால் அந்த வருடம் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏழு முறைக்கு மேல் பந்தைத் தவறவிட்டது, தப்பாக எறிந்தது. 127 ஆட்டங்களில் 2,659 ரன். பாஸ்டன் அணியின் கணக்கை மட்டும் பாருங்கள்: 31 ஆட்டத்தில் 401 ரன், ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) வெறும் 3, பந்தை அடிக்காமலே ஸ்ட்ரைக் அவுட் ஆனது 19. பந்து எப்போதும் களத்தில் உருண்டுகொண்டே இருக்கிறது, யாரோ ஒருவர் வெறுங்கையோடு அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறார். கணினி ஆட்டத்தின் நவீன அமைப்பில் எதையும் மாற்றாமல் ஓடவிட்டால் இந்தச் சத்தமே கேட்காது. தவறுகள் குறையும், ஒரே பிட்சர் தொடர்ந்து போடுவதைச் சோர்வுக்கணக்கு தடுக்கும், மேத்யூஸுக்குப் பதிலாக அணியில் இல்லவே இல்லாத ஒரு இரண்டாம் பிட்சரைக் கணினி தேடும்.

சத்தம் கேட்க வேண்டுமென்றால் செய்தித்தாளைத் திறக்க வேண்டும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் கிளிப்பர் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டலாம். இலினாய் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் ஏகப்பட்ட ஊர்ப் பத்திரிகைகளைப் போட்டிருக்கிறது. காசு கிடையாது. கண்தான் போகும். அந்தக் கால ஸ்கோர் பெட்டியை எல்லோருக்கும் பழக்கிய ஹென்றி சாட்விக் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் எழுதியவர். அதனால் நமக்கு அந்தப் பெட்டி அந்நியமாகத் தெரியாது, கொஞ்சம் விட்டால் படித்துவிடலாம்.

படித்தால் என்ன கிடைக்கும்? ராஸ் பார்ன்ஸ் என்கிற பேட்டர் கிடைப்பார். அப்போது ஒரு விதி இருந்தது: அடித்த பந்து முதலில் எல்லைக்குள் தரையைத் தொட்டுவிட்டால், பிறகு வெளியே ஓடினாலும் செல்லும். பார்ன்ஸ் இதில் மன்னன். மட்டையைச் சாய்த்துப் பந்தை உள்ளே ஒரு குத்து குத்தவைத்து வெளியே விரட்டிவிடுவார். பிடிக்க ஆள் ஓடுவதற்குள் இவர் முதல் பேஸில் நிற்பார். 1876-ல் சராசரி .429, அதாவது நூறு முறை அடிக்க நின்றால் ஏறக்குறைய 43 முறை அவுட்டாகாமல் அடித்து பேஸுக்குப் போனார். 1877-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், சராசரி .272-க்கு இறங்கியது. டேட்டாபேஸை மட்டும் பார்ப்பவர் "விதி போச்சு, ஆள் முடிஞ்சார்" என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் அந்த வருடம் பார்ன்ஸ் கடும் காய்ச்சலில் கிடந்தார், 22 ஆட்டம்தான் ஆடினார். ஆடாத நாளுக்குக் கிளப் சம்பளத்தைப் பிடித்தது. வழக்குப் போட்டுத் தோற்றார். விதியா, காய்ச்சலா? புத்தகம் எழுதுபவர் இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சிமுலேஷன் ஆடுகிறவன் அப்படி நகர முடியாது, 1877-க்கு அட்டையில் ஏதோ ஓர் எண் எழுதியாக வேண்டும். இந்த நெருக்கடிக்காகத்தான் நான் இந்த விளையாட்டையே விரும்புகிறேன்.

லூயிவில் அணியின் கதை வேறு மாதிரி. 1877 ஆகஸ்டில் தேசிய லீக்கில் முதலிடத்தில் இருந்த அணி திடீரென்று வரிசையாகத் தோற்றது, பாஸ்டன் கோப்பையைத் தூக்கியது. தந்திகளைப் பிரித்துப் பார்த்தபோது சூதாடிகளோடு பேசியது வெளிவந்தது. "சாஷ்" என்று ஒரு சங்கேதச் சொல் வேறு. பிட்சர் ஜிம் டெவ்லின் உட்பட நால்வருக்கு ஆயுள் தடை. டெவ்லின் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்து, பிலடெல்பியாவில் போலீஸ்காரராகி, 1883-ல் இறந்தார். கணினிக்கு தந்தி தெரியாது. தோற்பதற்காக ஆடிய ஆட்டங்களும் டெவ்லினின் "திறமை" என்ற கட்டத்துக்குள்ளேதான் விழுகின்றன. மேட்ச் ஃபிக்ஸிங் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். 1884-ல் அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக்கில் டோலிடோ அணியின் கேட்சர், கறுப்பர். 42 ஆட்டம், .263. கேட்சருக்கு அட்டை போடும்போது அவர் கையிலிருந்து நழுவிய பந்துகளை எண்ணித்தான் தரம் போடுவோம். அதே அணியின் டோனி மலேன் என்கிற பிட்சர் பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார்: நான் பார்த்ததில் சிறந்த கேட்சர் வாக்கர்தான், ஆனால் கறுப்பரை எனக்குப் பிடிக்காது, அதனால் அவர் சைகையைப் பார்க்காமலே இஷ்டத்துக்குப் போடுவேன் என்று. என்ன வரப்போகிறது என்றே தெரியாமல், சொல்லிக்கொள்ளும்படி கையுறையும் இல்லாமல் பின்னால் நின்று பிடித்த மனிதர் அவர். நழுவியதை அவர் பெயரில் எழுதியிருக்கிறது. நாம் அதைப் பார்த்து "டிஃபென்ஸ் சுமார்" என்று தரம் போடுகிறோம். 1887 ஜூலை 14-ல் இன்டர்நேஷனல் லீக் இனி கறுப்பர்களை ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. நான் வாக்கரின் அட்டையைத் திருத்தினேன். ஆதாரம் என்று கேட்டால் மலேனின் வாய்தான்.

"அப்போ நீங்க மட்டும் திருத்தலாமா?" என்று தம்பி கேட்பார், நியாயம். காரணம் தெரிந்து ஒன்றை மாற்றுவதும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மாற்றுவதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. ஒதுக்கப்பட்ட கறுப்பர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் விஷயத்தில் உலகமே நூறு வருடம் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை சீராக இல்லை, ஸ்கோர் முழுமையாக இல்லை என்று ஒதுக்கினார்கள். பழைய கறுப்பர் பத்திரிகைகளைத் தோண்டி ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்தவர்களின் உழைப்பால், 2020 டிசம்பரில் அவையும் பெரிய லீக்குகள்தான் என்ற அங்கீகாரம் வந்து, 2024-ல் எண்களும் ஏறி, வாழ்நாள் சராசரியில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜாஷ் கிப்ஸன் .372 என்று, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி நிற்கிறார்.

ஆனால் 1871-க்கு இன்னும் அந்த இடம் இல்லை. 1968-ல் ஒரு சாதனைக் குழு உட்கார்ந்து, அட்டவணையும் நடைமுறையும் தாறுமாறு என்று தேசியச் சங்கத்தைப் பெரிய லீக் பட்டியலிலிருந்து தள்ளியது. அதே குழு 1884-ன் யூனியன் அசோசியேஷனைச் சேர்த்துக்கொண்டது! லீக் தலைவரே செயின்ட் லூயிஸ் அணிக்கு முதலாளி, அந்த அணி 94 வெற்றி, 19 தோல்வி, ஆல்டூனா 25 ஆட்டத்தோடும் வில்மிங்டன் 18 ஆட்டத்தோடும் காணாமல் போயின. இது ஒழுங்கு, கெகியோங்காஸ் ஒழுங்கீனமா? 1876-ல் பிறந்த தேசிய லீக்கிலேயே முதல் வருடம் நியூயார்க்கும் பிலடெல்பியாவும் மேற்குப் பயணத்தை முடிக்காமல் விட்டு வெளியேற்றப்பட்டன.

இந்த முறை நான் 1871-ஐ அப்படியே ஆடுகிறேன். ஆட்டங்கள் நடந்த தேதியிலேயே நடக்கின்றன. கெகியோங்காஸ் போய்விட்டது. பாஸ்டனின் ஜார்ஜ் ரைட் காலில் அடிபட்டுப் பாதி சீசனுக்கு உட்கார்ந்தார், பாஸ்டன் தவித்தது. என் மேசையில் இன்றைக்கு அக்டோபர் 7. பகடையின் புண்ணியத்தில் சிகாகோ முதலிடத்தில், இரண்டு ஆட்டம் முன்னால்.

நாளை இரவு சிகாகோ ஊரே பற்றி எரியும். நிஜத்தில் ஏரிக்கரை மைதானமும் சீருடைகளும் சாம்பலாகி, கடன் வாங்கிய உடைகளில் வெளியூரிலேயே மிச்ச ஆட்டங்களை ஆடி, அக்டோபர் 30-ல் புரூக்ளினில் அத்லெடிக்ஸிடம் கோப்பையை விட்டார்கள். 1874 வரை அந்த அணி திரும்பி வரவில்லை. என் அட்டவணையில் சிகாகோவுக்கு இன்னும் எழுதியிருக்கிற உள்ளூர் ஆட்டங்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.