குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவுல "ஒண்ணுமே இல்ல"

ஊட்டி மலை ரயிலில் வந்த ஒரு தம்பி போட்ட ரீலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பி "பாத்தீங்களா?" என்று கேட்டால் எத்தனை நாள் பேசாமல் இருப்பது? "குன்னூர்லயே எறங்கிடுங்க ப்ரோ, அதுக்கப்புறம் ஊட்டி வரைக்கும் ஒண்ணுமே இல்ல." இதைச் சொல்ல நம்ம ஊர் ரயிலிலேயே ஜன்னலோர சீட்.

முதலில் ரயில். பல் தண்டவாளம் ஊட்டி வரை போகிறது என்கிறார் தம்பி. போகாது. கல்லாறில் ஆரம்பித்துக் குன்னூரில் முடிந்துவிடும். 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்து அங்கேதான். நடுவில் ஓடும் பல்வரிசை இரண்டு. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் எஞ்சினின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும். எஞ்சின் இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டி உருண்டு ஓடிவிடக் கூடாதே! குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். பிறகு வண்டி கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். அதைத்தான் அவர் "ட்ரெயின் ரிப்பேர் போல" என்று சிரித்திருக்கிறார்.

1899-இல் குன்னூர் வந்த ரயில் ஊட்டியைத் தொட 1908 ஆனது. பல் குன்னூரோடு முடிந்தது. ஊர் முடியவில்லை.

அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். 1850-களில் சிப்பாய்கள் தங்கக் கட்டிய பாரக்ஸ் இன்றும் நிற்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இங்கே. பிரிவினையின்போது குவெட்டாவில் இருந்த ஸ்டாஃப் காலேஜில் (ராணுவ அதிகாரிகள் படிக்கும் கல்லூரி) நம் பங்கு 1947-இல் வந்து சேர்ந்ததும் இங்கேதான். அடுத்து அருவங்காடு, 1904 முதல் கார்டைட் ஃபேக்டரி. பீரங்கிக் குண்டைத் தள்ளும் புகையில்லா வெடிமருந்து செய்யும் இடம். காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அதற்குக் கொடுத்தார்கள். லவ்டேலில் 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி. ஒண்ணுமே இல்லையாம்!

வழியில் வரும் கேத்தியை மட்டும் இப்படி ஓடிக் கடக்க மனம் வரவில்லை. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? மண்ணோடு வரும் மூட்டையைச் சுழலும் டிரம்மில் கொட்டித் தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். சேறு வழிந்து போகும். வெளியே வரும்போது கேரட் கண்ணைப் பறிக்கும். அதிகம் சுற்றவிட்டால் தோல் உரிந்து கருக்க ஆரம்பிக்கும், மண்டியில் விலை விழும். குறைத்தால் காம்படியில் மண் நிற்கும். அந்த அளவு கைப்பழக்கம். பிறகு மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி. உங்கள் சாம்பார் கேரட் பாதி இந்த "ஒண்ணுமில்லாத" வழியாக வந்ததாகத்தான் இருக்கும்.

"ராணுவ ஏரியா, உள்ள விடமாட்டாங்க, என்னத்தப் பாக்குறது?" என்பார்கள். பாதி நியாயம். கேட் முன்னால் கேமரா தூக்கினால் சென்ட்ரி கூப்பிடுவார், ட்ரோன் விட்டால் இன்னும் மோசம். ஆனால் உள்ளே விடாத இடமெல்லாம் இல்லாத இடமா?

"வெள்ளைக்காரன் வரலைன்னா ஊட்டியே இல்ல" என்று அந்த ரீலுக்குக் கீழே ஒரு கமென்ட். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். சரி, அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனுக்கு உரியதைக் கொடுப்போம். 1819-இல் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்கு வந்தார், பிறகு ஊட்டியில் கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார். யார் மறுத்தது? ஆனால் அவர் வந்தபோது தோடர் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கோத்தர் இரும்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். குறும்பர் தேன் எடுத்தார்கள், படகர் வயலில் நின்றார்கள். இருநூறு வருஷமாக இந்த மலையை யாராவது "கண்டுபிடித்துக்கொண்டே" இருக்கிறார்கள். இப்போது ரீல்காரர்களின் முறை போல.

வெலிங்டனுக்கு முன்பு ஜக்கதளா என்றுதான் பெயர், பக்கத்துப் படகர் ஊரின் பெயர். பாரக்ஸுக்கே ஜக்கதளா பாரக்ஸ் என்றுதான் முதலில் பெயர். பிறகு இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு பிரபுவின் பெயரை வைத்தார்கள். அவர் ஞாபகமாக ரயில் நிலையம், தபால் நிலையம், கன்டோன்மென்ட். ஜக்கதளாவுக்கு மிஞ்சியது ஒரு பேரூராட்சி, ஜெகதளா என்று எழுத்து மாறி. அந்த ஊர்க்காரர்களும் வீட்டுவரி கட்டுகிறார்கள் தம்பி, ரசீதில் ஊர்ப் பெயர் இருக்கிறது. டிக்கெட்டில் "போகும் இடம்" என்று ஊட்டி போட்டு வந்தவருக்கு அது எங்கே தெரியப்போகிறது.