கர்ப்பத்தில் பிரஷர் வந்தால் பிள்ளைக்கு மனநோய் உறுதியா?

"கர்ப்பத்தில் பிரஷரோ சர்க்கரையோ வந்தால் பிள்ளைக்கு மனநோய் உறுதி. அதற்குத் தரும் மாத்திரையும் குழந்தையின் மூளையைக் கெடுக்கும்." ஈரோடு மாவட்டத்தில் கோபி, பெருந்துறைப் பக்கம் வாட்ஸ்அப்பில் இது சுற்றுகிறது. தவறான தகவல்.

எங்கள் தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பத்தில் இரண்டுதான் பிரித்திருந்தது. "பாப்பாவுக்கு ஆகாதுன்னு போட்டிருக்குதுங்கக்கா" என்றாள். அன்றைக்கு நர்ஸ் பார்த்த பிரஷர் 150/100. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பின்லாந்தில் 4,700-க்கும் மேற்பட்ட தாய்–சேய்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். கர்ப்பகால பிரஷர் கடுமையாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல் கூடுதலாகத் தெரிந்தது. சர்க்கரையும் அதிக எடையும் சேர்ந்தால் இன்னும் கூடியது. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. வாய்ப்பு கூடுவது வேறு, உறுதி என்பது வேறு. மரபு, வளரும் சூழல் எல்லாமும் இதில் சேரும்.

மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. பிரஷர் எகிறினால் தாய்க்கு வலிப்பு வரலாம், குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம். நாள்பட்ட பிரஷர் உள்ள சுமார் 2,400 கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், மருந்து குறைமாதப் பிறப்பைக் குறைத்தது. சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கவில்லை.

விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், மனக்கலக்கத்துக்குப் பேச அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை.