தையல் மெசின் காணும், இனி நியமனக் கடிதத்தைப் பற்றிக் கதைப்பம்

யாழ்ப்பாணத்தில் நாற்பது, நாற்பத்தைந்து வயதில் பிள்ளைகளோடு தனித்து நிற்கிற பெண்ணுக்கு உதவ வருகிறவர்கள் கொண்டுவருவது மூன்றே சாமான்தான்: தையல் மெசின், கோழிக்கூடு, ஆடு. 2009க்குப் பிறகு இங்கே வந்துபோன வாழ்வாதாரத் திட்டங்களில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்களும் அதையேதான் செய்கின்றன. பதாகை பிடித்துப் படமும் எடுத்தாகிவிடும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது மாதம் முடிய வருகிற ஒரு சம்பளம். அதை ஒருத்தரும் கொண்டுவருவதில்லை.

கோழிக் கணக்கையே எடுப்பம். 50 முட்டைக் கோழிக் குஞ்சு. முதல் முட்டை கண்ணில் பட 18 தொடக்கம் 20 கிழமை. அதுவரைக்கும் ஒரு கோழி ஏறத்தாழ 7 கிலோ தீன் தின்னும், 50 கோழிக்கு 350 கிலோ. முட்டை தொடங்கின பிறகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம், அதாவது கூட்டுக்கு ஆறு கிலோவுக்குக் கிட்ட. குஞ்சும் கூடும் தருகிற திட்டம் தீனுக்குக் கொடுத்தால் முதல் மாதத்துக்குக் கொடுக்கும். மிச்ச மூன்று, மூன்றரை மாதமும் வருமானமில்லாத வீடு எதை விற்றுத் தீன் வாங்கும்? காதில் கிடக்கிற தோட்டைத்தான். ராணிக்கெற் தடுப்பூசி தவறிப்போய் நோய் புகுந்தால் சில நாளில் கூடு காலி. எல்லாம் சரியாக நடந்தாலும் நாளுக்கு நாற்பது முட்டை. தீன் காசு போக மிஞ்சுவது ஒரு பிள்ளையின் ரியூசனுக்குக் காணும், வீடு நடத்தக் காணாது.

கோழி வளர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஒரு சம்பளம் வருகிற வீட்டில் அது நல்ல பக்க வருமானம். சம்பளமே இல்லாத வீட்டுக்கு அதை ஒரே வருமானமாகக் கொடுப்பதுதான் பிழை. தையலும் அப்படியே. ஒரே ஒழுங்கையில் நாலு மெசினைக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் தொடங்கேக்கையும் தீபாவளிக்கும் மட்டும் வருகிற வேலையை நாலு பேரும் பங்குபோடச் சொல்கிறோம்.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: முதலில் சம்பள வேலை, அதுவும் நியமனக் கடிதத்தோடும், ஈ.பி.எஃப் எனப்படுகிற ஊழியர் சேமலாப நிதியோடும். சுயதொழில் பிறகு. மனைவி வெளிநாட்டில் இருக்க, அல்லது இறந்துபோக, பிள்ளைகளைத் தனியே வளர்க்கிற தகப்பன்மாருக்கும் இது பொருந்தும். அவர்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

கஸ்தூரியார் வீதி, பவர் ஹவுஸ் வீதிப் பக்கம் கடைகளில் வேலைக்குப் போனால் முதல் நாளே ஒரு கேள்வி வரும்: “ஈ.பி.எஃப் வெட்டவோ, இல்லாட்டிக் கையில முழுசாத் தரவோ?” பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டியவள் கையில்தான் கேட்பாள். கேட்கக்கூடாது. கணக்கு இப்படி. 2026 ஜனவரியில் இருந்து தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபா. அதில் 8 வீதம், 2,400 ரூபா, உங்கள் சம்பளத்தில் வெட்டுப்படும். முதலாளி தன் காசில் 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். அதற்கு மேல் ஈ.ரி.எஃப் எனப்படுகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், 900 ரூபா, அதுவும் முதலாளியின் காசு. மொத்தம் மாதம் 6,900 உங்கள் பெயரில் ஏறும். கையில் வாங்கினால் உங்களுக்கு 2,400 லாபம் போலத் தெரியும், 4,500 முதலாளியின் பெட்டிக்குள் நிற்கும். இந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

வயது போன பிறகு தொடங்கி என்ன பயன் என்று நினைப்பவர்களுக்கு: ஈ.பி.எஃப் காசை வேலையை விட்டு விலகி எடுப்பதற்குப் பெண்களுக்கு வயது 50, ஆண்களுக்கு 55. 42 வயதில் சேருகிற ஒருத்திக்கு 50 ஆகும்போது, சம்பளம் ஒரு ரூபாகூட உயராவிட்டாலும், வட்டி சேர்க்காமல், ஈ.ரி.எஃப்பும் சேர்த்து 6,62,400 ரூபா இருக்கும். மூத்த பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ வெளியே போகிற வயதும் அநேகமாக அதுதான். “தற்காலிகம்”, “பயிற்சிக் காலம்”, “நாட்சம்பளம்” என்று சொல்லி ஈ.பி.எஃப்பைத் தள்ள முடியாது. முதல் நாளில் இருந்தே கட்ட வேண்டும், ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முறையிட வேண்டிய இடம் தொழில் திணைக்களம். காசை வைத்திருப்பது மத்திய வங்கி என்றாலும், முதலாளியைப் பிடிப்பது தொழில் திணைக்களம்தான். பலருக்குக் காசு சிக்குப்படுவது இன்னொரு இடத்தில்: பழைய அடையாள அட்டையின் 9 இலக்கமும் புதியதின் 12 இலக்கமும் கலந்து, அல்லது தகப்பன் பெயர் ஒரு இடத்தில், புருசன் பெயர் ஒரு இடத்தில் என்று பதிந்து, ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். சேரும்போதே எந்தப் பெயர், எந்த இலக்கம் கொடுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அடுத்தது ஆறு மாத விளையாட்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் அவருடைய சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிற்பாட்ட முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் சில இடங்களில் ஐந்தாம் மாதத்தில் “கொஞ்ச நாள் வீட்டில நில்லுங்கோ, பிறகு கூப்பிடுறம்” என்பார்கள். நல்லூர்த் திருவிழா, தீபாவளி, கலியாணக் காலம் என்று சனம் குவிகிற நேரம் எடுத்து, தை பிறக்க விடுவதும் இதே கதை. பணிக்கொடைக்கும் 15 பேர் கணக்கு உண்டு: ஐந்து வருடம் முடிந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 15க்குக் குறைவாகக் காட்ட, ஒரே கடையை இரண்டு பெயரில் பதிந்து ஊழியரைப் பிரித்து வைத்திருக்கிறார்களா என்பதைச் சம்பளம் தருகிற தாளில் இருக்கிற பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பெயர் இடையில் மாறினால் பழைய தாளை எறியாதீர்கள்.

நேரக் கணக்கு. கடை, அலுவலகச் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம், சாப்பாட்டு நேரம் சேராது. காலை 9 முதல் இரவு 7 வரை, ஆறு நாள் நின்றால் சாப்பாட்டு மணித்தியாலம் கழித்து 54. மேலதிகம் 9 மணித்தியாலம். 30,000 ரூபாவை 240ஆல் பிரித்தால் மணிக்கு 125, ஒன்றரை மடங்கு 187.50. கிழமைக்கு 1,687.50, நாலு கிழமைக்கு 6,750 ரூபா. இது பெரும்பாலான கடைகளில் எழுதப்படுவதே இல்லை. வாங்கிக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை, தனித்து நிற்கிறவள் முதல் மாதமே சண்டை பிடிக்க ஏலாது. வந்த நேரம், போன நேரத்தை மட்டும் நாளாந்தம் எழுதுங்கள். வேலையை விட்ட பிறகு தொழில் திணைக்களத்தில் கதைக்கிறதுக்கு அந்தக் கொப்பி காணும்.

பள்ளிக்கூடம் 1.30க்கு விடும். கடை 7க்குப் பூட்டும். இந்த இடைவெளிதான் பாதிப் பேரின் வேலையைத் தின்கிறது. நேர்முகத்தில் “பிள்ளையள ஆர் பாப்பினம்?” என்று கேட்பார்கள், ஆணிடம் கேட்காத கேள்வி. எரிச்சல்தான், என்றாலும் பதில் கையில் இருக்க வேண்டும். “அம்மா பாப்பா” என்ற ஒரு பதில் காணாது, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வேலைக்கு லீவு. மூன்று ஏற்பாடு வேண்டும்: தினமும் 1.30 முதல் மாலை வரை யார், பிள்ளைக்குச் சுகமில்லாத நாள் யார், திடீரென்று பள்ளிக்கூடம் பூட்டினால் யார். மூன்றாவதற்கு ஒரே வகுப்புப் பிள்ளையின் தாயோடு மாறி மாறிப் பார்க்கிற ஒப்பந்தம் நன்றாக வேலை செய்யும். வடமராட்சியிலோ தீவகத்திலோ இருந்து வருகிறவர்கள் வேலைக்கு ஓம் சொல்ல முதல் கடைசி பஸ் நேரத்தைப் பாருங்கள். கடை பூட்டி, கணக்குப் பார்த்து, பஸ் நிலையத்துக்கு நடந்து வர பஸ் போயிருந்தால், மாதக் கடைசியில் ஓட்டோக் காசு சம்பளத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும்.

இந்த ஊரில் நடுவயதை ஒரு தகுதியாகப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது: முதியவர்களைப் பராமரிப்பது. பிள்ளைகள் கனடா, லண்டன், சுவிஸ். கொக்குவிலிலும் மானிப்பாயிலும் பெரிய வீட்டில் அம்மா தனிய. இருபது வயதுப் பிள்ளையை அங்கே விடமாட்டார்கள், நாற்பத்தைந்து வயதுக்காரியைத்தான் தேடுகிறார்கள். பகல் 8 முதல் 5 வரை என்றால் நேரமும் பொருந்தும். ஆனால் இந்த வேலையில் சிக்கல்கள் வரிசையாக வரும். வீட்டு வேலை என்று கணக்கிடப்படுவதால் ஈ.பி.எஃப் கிடையாது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தால் “இந்த மாதம் பாதிதான்” என்பார்கள். அவர் கண்ணை மூடினால், அல்லது பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போனால், வேலை அன்றே முடியும். பகல் வேலை மெல்ல மெல்ல இராத் தங்கலாகும். ஒரு காப்புக் காணாமல் போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்.

அதனால் சேர முதலே ஒரு பக்கத்தில் எழுதி, வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவரின் வட்ஸ்அப்பில் “ஓம்” என்ற பதிலோடு வைத்திருங்கள்: வேலை நேரம், இராத் தங்கினால் தனிக் காசு எவ்வளவு, ஆஸ்பத்திரி நாளுக்கும் முழுச் சம்பளம், வேலை முடிந்தால் ஒரு மாதச் சம்பளம், சமையலும் வீடு கூட்டலும் சேருமா இல்லையா. முதல் நாள் அலுமாரித் திறப்பை உறவுக்காரர் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்மா நகை அணிந்திருந்தால் எது எது என்று அவர் முன்னால் படம் எடுத்து அனுப்புங்கள். மருந்து, சீனி அளவு, பிரஷர், சாப்பிட்டது, மலம் போனது எல்லாம் நேரத்தோடு ஒரு கொப்பியில். அது நோயாளிக்கும் நல்லது, உங்களுக்கும் சாட்சி. படுக்கையில் இருக்கிறவரைத் தனியே தூக்காதீர்கள். நாரி பிடித்தால் வேலையே போய்விடும். கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டு மூன்று வருடம் இப்படிச் செய்த அனுபவம் வீண் போகத் தேவையில்லை. என்.வி.கியூ எனப்படுகிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழுக்கு வகுப்பில் இருந்து படிக்க வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நைட்டா எனப்படுகிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, செய்த வேலையின் அனுபவத்தை வைத்தே மதிப்பிட்டு அந்தச் சான்றிதழைத் தருகிற வழி ஒன்று உண்டு: வேலை செய்ததற்கான கடிதங்கள், படங்கள் அடங்கிய கோவை ஒன்று, பிறகு செய்முறைப் பரீட்சை. தையல், சமையல், அழகுக்கலை தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். இடம்பெயர்வில் சாதாரண தரச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்துப் பெறுபேற்றை எடுக்கலாம். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் ஞாபகம் இருந்தால் வேலை சுகம். வணிகப் பிரிவில் உயர்தரம் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதாந்தம் ஈ.பி.எஃப் ‘சி’ படிவம் நிரப்பவும் சம்பளக் கணக்குப் பார்க்கவும் தெரிந்த ஆளைச் சின்னக் கடைகள் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கடைக்கு முழுநேரம் தேவையில்லை. நாலு கடைக்குக் கிழமையில் ஒவ்வொரு நாள் போகலாம்.

கிழமைக் கடன் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. வேலை இல்லாத இடைவெளியில் வாசலுக்கு வருகிற ஆள் அதுதான். “வருசத்துக்கு 24 வீதம்தான் அக்கா” என்பார். ஒரு இலட்சம் எடுத்தால் 1,24,000ஐ 52 கிழமையில் கட்ட வேண்டும், கிழமைக்கு 2,385. ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் போட்டிருக்கிறது. உண்மையான வட்டி 44 வீதத்துக்குக் கிட்ட வரும். குறைந்து செல்லும் மீதியில் வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வங்கியில் காணியை வைத்து எடுக்கலாமே என்பவர்கள் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையை மறந்துவிடுகிறார்கள். சீதனக் காணி உங்கள் பெயரில் இருந்தாலும், திருமணப் பந்தம் சட்டப்படி இருக்கும்வரை புருசனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. விட்டுவிட்டுப் போனவர், இருக்கிற இடம் தெரியாதவர், காரணமில்லாமல் கையெழுத்துத் தர மறுக்கிறவர் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி எடுக்கலாம். அது 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கான தாபரிப்புக் காசுக்கு விவாகரத்து எடுத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், பள்ளிக்கூடச் செலவுப் பற்றுச்சீட்டுகள், பிள்ளைகளின் தகப்பன் வேலை செய்கிற இடத்தின் விலாசம் கொண்டுபோங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாமல்தான் பல வழக்குகள் இழுபடுகின்றன.

வெளிநாட்டில் இருந்து அம்மாவைப் பார்க்க ஆள் தேடுகிறவர்களுக்கும் ஒன்று. சட்டம் கேட்காவிட்டாலும், நீங்கள் கொடுக்கிற சம்பளத்துக்கு மேல் 12 வீதத்தை மாதாமாதம் அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிற சேமிப்புக் கணக்கில் போடலாம். 40,000 ரூபாச் சம்பளத்துக்கு 4,800. உங்கள் ஊர்ச் சங்கம் அடுத்த முறை தையல் மெசினுக்குக் காசு சேர்க்கும்போது, அந்தக் காசில் ஒரு சின்ன இடத்தில் 1.30 முதல் 6 மணி வரை பிள்ளைகளைப் பார்க்கிற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு பேருக்கும் கடிதமும் ஈ.பி.எஃப்பும் சேர்த்து.